ஈருயிருக்கு ஓர் ஊசி

கரு தங்கியது உறுதியானதும் தமிழ்நாட்டுப் பெண்ணுக்கு நடக்கும் முதல் காரியங்களில் ஒன்று, மேற்கையில் போடப்படும் டிடி ஊசி. நான்கு வாரம் கழித்து இரண்டாவது. மூன்று ஆண்டுக்குள் மறுபடி கருவுற்றால் ஒரு பூஸ்டர் மட்டும். கிராம சுகாதார செவிலியர் போட்டுவிட்டு அட்டையில் தேதி எழுதுகிறார். வீட்டில் யாரும் ஏன், எதற்கு என்று கேட்பதில்லை. அதே செவிலியர் 2021இல் அதே வீடுகளுக்குக் கொரோனா ஊசி பற்றிப் பேசப் போனபோது கேள்விமேல் கேள்வி வந்தது. வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதா? யாருக்காவது போட்டுப் பார்த்திருக்கிறார்களா? இரண்டாவது கேள்விக்கு அன்று அவரிடம் நல்ல பதில் இல்லை. தவறு அவருடையதல்ல. தடுப்பூசிகளின் முதற்கட்டப் பெரிய பரிசோதனைகள் எதிலும் கர்ப்பிணிகளைச் சேர்க்கவே இல்லை.

இந்தியாவில் கொரோனா தடுப்பூசி 2021 ஜனவரி 16 அன்று தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கு அனுமதி கிடைத்தது ஜூலை 2 அன்று. நடுவில் இரண்டாம் அலை வந்து போய்விட்டது. தொற்று கண்ட கர்ப்பிணிகளிலும் புதிதாய்ப் பெற்ற தாய்மாரிலும் முதல் அலையில் 0.7 சதவீதமாக இருந்த இறப்பு, இரண்டாம் அலையில் 5.7 சதவீதமாக உயர்ந்தது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அந்த ஜூனில் வெளியிட்ட கணக்கு சொன்னது. ஊசி முன்னமே கிடைத்திருந்தால் இவர்களில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று கணக்கிட வழியில்லை. ஆனால் கர்ப்பிணியை ஆய்வுக்கு வெளியே நிறுத்துவதுதான் அவளுக்குப் பாதுகாப்பு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது, அது சரிதானா என்று கேட்க வழியிருக்கிறது. எழுபது எண்பது ஆண்டு மருத்துவ வரலாறு கைவசம் உள்ளது.

டிடி ஊசியின் கதையே நல்ல தொடக்கம். அதிலுள்ள முதல் ‘டி’ ரணஜன்னிக்கானது. அந்தக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் கிடப்பவை. துருப்பிடித்த கத்தியாலோ அரிவாளாலோ தொப்புள்கொடியை அறுத்தால், அறுத்த இடத்தில் சாம்பலோ சாணமோ வைத்தால், பிறந்து ஒரு வாரத்துக்குள் குழந்தையின் தாடை இறுகிப் பால் குடிப்பது நிற்கும். உடம்பு வில்லாய் வளையும். உலகம் முழுவதும் 1988இல் மட்டும் சுமார் 7,87,000 பச்சிளம் குழந்தைகள் இப்படி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. பிறந்த பிறகு குழந்தைக்கு ஊசி போட்டுப் பயனில்லை. அதன் உடல் எதிர்ப்பு சக்தியைத் தயாரிக்குமுன் நோய் முந்திக்கொள்ளும். அதனால் தாய்க்குப் போட்டுப் பார்த்தார்கள். நியூ கினியில் ஆய்வாளர் ஸ்கோஃபீல்டும் அவர் குழுவினரும் செய்து 1961இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்ப காலத்தில் தாய்க்குப் போட்ட ஊசிகளின் எண்ணிக்கை கூடக்கூடக் குழந்தை இறப்பு சரிந்தது. ஒற்றை ஊசி போதவில்லை. இன்று நம் செவிலியர் இரண்டு முறை வரச் சொல்வதன் வேர் இந்த மாதிரி ஆய்வுகளில்தான் இருக்கிறது. இந்தியா 2015இல் தாய்-சேய் ரணஜன்னியை ஒழித்த நாடாகச் சான்று பெற்றது. ஊசியோடு ஆஸ்பத்திரிப் பிரசவமும் சுத்தமான பிளேடும் சேர்ந்து செய்த வேலை அது.

அதே 1961இன் இறுதியில்தான் தாலிடோமைடு மாத்திரை சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. மேற்கு ஜெர்மனியில் 1957 முதல் தூக்கத்துக்கும் மசக்கை வாந்திக்கும் விற்கப்பட்ட மாத்திரை. அதனால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறுகிப் பிறந்தன. அந்த அதிர்ச்சியில் உலகம் எடுத்துக்கொண்ட பாடம், கர்ப்பிணிகளிடம் மருந்துப் பரிசோதனையே கூடாது என்பது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 1977இல் ஒரு படி மேலே போய், கருவுறும் வாய்ப்புள்ள பெண்களையே முதற்கட்டப் பரிசோதனைகளிலிருந்து விலக்கச் சொன்னது. ஆனால் தாலிடோமைடில் நடந்தது என்ன? கர்ப்பிணிகளிடம் முறையாகச் சோதிக்காமலேயே அதைக் கர்ப்பிணிகளுக்கு விற்றார்கள். கண்காணிப்போடு சில நூறு பேரிடம் சோதித்திருந்தால் வெளிப்பட்டிருக்கக்கூடிய தீங்கு, கண்காணிப்பே இல்லாமல் பல நாடுகளுக்குப் பரவியது. நோய்க்குக் காரணம் சோதனையின்மை; எழுதிய மருந்துச்சீட்டு மேலும் சோதனையின்மை.

தாய்க்குப் போடும் ஊசி பிள்ளைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பது தெரிந்தால் இந்தத் துறையின் பாதிப் புதிர்கள் அவிழும். தாயின் ரத்தத்தில் உருவாகும் ஐஜிஜி வகை ஆன்டிபாடிகளை நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு ஏற்பி பிடித்து இழுத்துக் குழந்தையின் பக்கம் விடுகிறது. இது தற்செயலான கசிவு அல்ல. நிறைமாதத்தில் தாயிடம் உள்ளதைவிடக் குழந்தையிடம் கூடுதலாகவே சேர்ந்துவிடுவதும் உண்டு. ஆனால் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் கடக்கிறது. ஆகவே குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்குத் தாய்வீட்டுச் சீர் பாதிதான் வந்து சேரும். எந்த வாரத்தில் ஊசி போடுவது என்று ஆய்வாளர்கள் மல்லுக்கட்டுவதன் காரணம் இதுதான். சீக்கிரம் போட்டால் ஆன்டிபாடி வற்றிவிடும். தாமதித்தால் கடக்க நேரம் இருக்காது.

ரூபெல்லா இந்த வழிக்குள் அடங்காத விதிவிலக்கு. சிட்னியில் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941இல் ஒரு விநோதத்தைக் கவனித்தார். பிறவிக் கண்புரையோடு குழந்தைகள் அடுத்தடுத்து வந்தன. தாய்மாரைக் கேட்டபோது, பெரும்பாலோர் கர்ப்பத்தின் தொடக்கத்தில் லேசான அம்மை கண்டவர்கள். இரண்டு மூன்று நாள் தடிப்பு, சிறு காய்ச்சல், அவ்வளவுதான். தாயை அலட்டாமல் கருவைச் சிதைக்கும் நோய் ஒன்று உண்டு என்பதை மருத்துவ உலகம் முதலில் நம்பத் தயங்கியது. அமெரிக்காவில் 1964-65இல் வந்த கொள்ளைநோயில் சுமார் 20,000 குழந்தைகள் கண், காது, இதயக் குறைகளோடு பிறந்த பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை. 1969இல் தடுப்பூசி அனுமதி பெற்றது. அது உயிருள்ள, வலுவிழந்த வைரஸ் என்பதால் கர்ப்பிணிக்குப் போடுவதில்லை. கர்ப்பம் என்று தெரியாமல் போட்டுக்கொண்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்ததில், ஊசியால் ரூபெல்லாக் குறைபாட்டோடு ஒரு குழந்தையும் பிறந்ததாகப் பதிவாகவில்லை. இருந்தும் எச்சரிக்கை நீடிக்கிறது. கருத்தரிப்பதற்கு முன்பே போட்டுவிட முடியும் என்பதால் இங்கே அந்த எச்சரிக்கை நியாயமானது.

ஆனால் முன்பே போட வேண்டுமே! இலங்கை 1996இல் வளரிளம் பெண்களுக்கும் குழந்தை பெறும் வயதினருக்கும் ரூபெல்லா ஊசியைத் தொடங்கியது. 2020இல் மாலத்தீவோடு சேர்ந்து, தட்டம்மை, ரூபெல்லா இரண்டையும் ஒழித்ததாகத் தென்கிழக்கு ஆசிய வட்டாரத்தில் முதலில் சான்று பெற்றது. இந்தியாவின் பெரிய தட்டம்மை-ரூபெல்லா முகாம் 2017 பிப்ரவரியில்தான் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் தொடங்கியது. பிறவி ரூபெல்லாவால் கண் கெட்ட குழந்தைகளை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே ஆராய்ந்து எழுதி வந்தது. ஆதாரம் உள்ளூரிலேயே இருந்தும் இருபதாண்டு பின்தங்கினோம். அந்த முகாமின்போது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் பள்ளிகளில் பெற்றோர் ஊசியை மறுத்ததையும் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

வதந்தி என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரணஜன்னி ஊசி மலடாக்கும் என்ற பேச்சு 1990களில் பிலிப்பைன்ஸிலும் 2014இல் கென்யாவிலும் கிளம்பியது. முழுப் பொய்தான். ஆனால் அதற்கு நூல் கொடுத்த உண்மை ஒன்று டெல்லியில் இருந்தது. தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனத்தில் ஜி. பி. தல்வார் கருத்தடைத் தடுப்பூசி ஒன்றை ஆராய்ந்தார். அதில் கர்ப்ப ஹார்மோனின் ஒரு பகுதியைச் சுமக்கும் வாகனமாக வீரியம் நீக்கிய ரணஜன்னி நச்சைப் பயன்படுத்தினார். அது வேறு பொருள், வேறு நோக்கம், சம்மதித்த பெண்களிடம் மட்டும் செய்த ஆய்வு. அதை மக்களுக்கு விளக்கிச் சொல்வதற்குப் பதில், பயப்படுபவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிய இடங்களில் வதந்தி வென்றது.

கக்குவான் இருமலில் பிரிட்டன் கற்றது தெளிவான பாடம். 2012இல் அங்கே 14 குழந்தைகள் அந்த இருமலில் இறந்தன. இரண்டு மாத வயதில் முதல் ஊசி போடுவதற்கு முன்பே நோய் தாக்கியது. அந்த அக்டோபரில் கர்ப்பிணிகளுக்கு ஊசியைத் தொடங்கினார்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் அது சுமார் 91 சதவீதப் பாதுகாப்பு தந்ததை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. ஃப்ளூவில் ஆதாரம் நம் பக்கத்திலிருந்தே வந்தது. வங்கதேசத்தில் 340 தாய்மாரோடு நடந்து 2008இல் வெளியான ஆய்வில், தாய்க்குப் போட்ட ஃப்ளூ ஊசி குழந்தைக்கு உறுதிசெய்யப்பட்ட ஃப்ளூ வருவதை 63 சதவீதம் குறைத்தது. வேடிக்கை என்னவென்றால், அங்கே சோதனைக்கு எடுத்தது நிமோனியா தடுப்பூசியை. ஃப்ளூ ஊசி ஒப்பிடுவதற்காக வைத்த மறுதரப்பு. பிறகு நேபாளம், மாலி, தென்னாப்பிரிக்கா என்று பெரிய ஆய்வுகள் நடந்தன. உலக சுகாதார நிறுவனம் 2012லேயே கர்ப்பிணிகளை ஃப்ளூ ஊசியின் முதல் வரிசையில் வைத்தது. நம் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் கர்ப்பிணிக்கு உரியது இன்றும் டிடி மட்டுமே. மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு கக்குவான் கலந்த டிடாப் ஊசியையும் ஃப்ளூ ஊசியையும் பரிந்துரைக்கிறது. தனியார் ஆஸ்பத்திரியில் காசு கொடுப்பவருக்கு அவை கிடைக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்து வரிசையில் நிற்பவர் அப்படி ஒன்று இருப்பதையே அறியமாட்டார்.

கர்ப்பிணிகளை ஆய்விலிருந்து விலக்கி வைப்பதை எதிர்ப்பவர்கள் அஞ்ச வேண்டியதே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஆர்எஸ்வி எனப்படும் சுவாச வைரஸின் கதையைப் பார்க்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேரைக் கொல்லும் நோய். அதில் 97 சதவீதம் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். 1960களில் குழந்தைகளுக்கே நேராகப் போட்டுப் பார்த்த தடுப்பூசி நோயைத் தடுக்காததோடு மூர்க்கமாக்கியது. ஊசி போட்டுத் தொற்று கண்ட குழந்தைகளில் 80 சதவீதத்தை ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தது. இரண்டு குழந்தைகள் இறந்தன. துறை பல பத்தாண்டுகள் உறைந்தது. வைரஸின் மேலுள்ள எஃப் புரதம் செல்லில் நுழைவதற்கு முன் ஒரு வடிவமும் நுழைந்தபின் வேறு வடிவமும் எடுக்கிறது, நல்ல ஆன்டிபாடிகள் பெரும்பாலும் முதல் வடிவத்தையே குறிவைக்கின்றன என்று 2013இல் பாரி கிரஹாம், ஜேசன் மெக்லெல்லன் குழுவினர் காட்டியபின் வழி திறந்தது. அதே உத்திதான் பின்னால் கொரோனா தடுப்பூசிகளிலும் உதவியது.

இரண்டு நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிப் புரதத்தைக் கர்ப்பிணிகளிடம் சோதித்தன. ஃபைசரின் ஆய்வில் 18 நாடுகளில் சுமார் 7,400 பெண்கள். பிறந்த முதல் 90 நாளில் கடுமையான நோயை அது 81.8 சதவீதம் தடுத்தது. கிளாக்ஸோவின் ஆய்வு 2022 பிப்ரவரியில் பாதியில் நின்றது. ஊசி போட்டவர்களில் குறைமாதப் பிரசவம் 6.8 சதவீதம், வெற்று ஊசி போட்டவர்களில் 4.9. கூடுதல் பாதிப்பு முக்கியமாக ஏழை, நடுத்தர வருமான நாடுகளில்தான் தெரிந்தது. காரணம் பிடிபடவில்லை. ஃபைசர் ஆய்விலும் சிறு வித்தியாசம் இருந்தது. புள்ளிவிவரப்படி அது உறுதியானதல்ல. அதனால் அமெரிக்கா 2023இல் அனுமதி தந்தபோது 32 முதல் 36 வாரத்துக்குள் மட்டும் என்று வரம்பு கட்டியது. உலக சுகாதார நிறுவனம் 28 வாரம் முதல் போடலாம் என்கிறது. பிறந்த குழந்தைக்கே ஆன்டிபாடியை நேராகச் செலுத்தும் நிர்செவிமாப் என்ற மாற்று வழியும் இருக்கிறது, விலைதான் எட்டாது.

கிளாக்ஸோ ஆய்வைக் காட்டி, பார்த்தீர்களா, கர்ப்பிணிகளிடம் சோதித்தது தவறு என்பவர்கள் உண்டு. என் வாசிப்பு நேர் எதிர். சில ஆயிரம் பேரில், தொடர்ந்து கணக்குப் பார்க்கும் குழுவின் கண்முன்னால் அந்தத் தீங்கு வெளிப்பட்டது. ஊசி சந்தைக்கு வரவில்லை. தாலிடோமைடு காலத்தில் இல்லாமல் போனது இந்த ஏற்பாடுதான். இன்னொன்றும் இதில் அடங்கியிருக்கிறது: பணக்கார நாட்டில் மட்டும் சோதித்திருந்தால் அந்த வித்தியாசம் கண்ணிலேயே பட்டிருக்காது. நம் பெண்களுக்கான ஊசியை நம் மண்ணிலும் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான வாதம் எனக்குத் தெரியவில்லை.

எல்லாத் தொற்றுக்கும் ஊசி வேண்டியதில்லை. எச்ஐவியில் 1994இல் வெளியான ஆய்வு, ஸிடோவுடின் மருந்து தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதை 25.5 சதவீதத்திலிருந்து 8.3 ஆகக் குறைத்ததைக் காட்டியது. இன்றைய கூட்டு மருந்துகள் அதை இன்னும் கீழே இறக்கிவிட்டன. சிபிலிஸுக்குப் பென்சிலின் போதும். அப்படியிருந்தும் பணக்கார அமெரிக்காவில் 2022இல் 3,700க்கு மேற்பட்ட குழந்தைகள் அந்நோயோடு பிறந்தன, பத்தாண்டுக்கு முன்பு இருந்ததைப்போல் பத்து மடங்கு. இலங்கையோ 2019இல் இரண்டு நோயும் தாயிடமிருந்து சேய்க்குப் பரவுவதை ஒழித்ததாகச் சான்று பெற்றது. பணத்தைவிடப் பேறுகாலப் பராமரிப்பின் ஒழுங்குதான் இங்கே வேலை செய்கிறது. பி வகை மஞ்சள் காமாலைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஊசி. பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றும் பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு வலி எடுத்ததும் பென்சிலின்; அதற்கான தடுப்பூசி, ஆய்வாளர் கரோல் பேக்கர் 1976இல் தாயின் ஆன்டிபாடிக்கும் குழந்தையின் நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிய பிறகும் இன்றுவரை சோதனை நிலையிலேயே கிடக்கிறது.

பிரசவக் காய்ச்சலிலும் எளிய மருந்து ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. வியன்னாவில் மருத்துவர் செம்மெல்வைஸ் 1847இல் மருத்துவர்களைக் குளோரின் நீரில் கைகழுவ வைத்து தாய்மார் இறப்பைச் சரியவைத்த கதை பலருக்கும் தெரியும். 2023இல் வெளியான ஆய்வு, பிரசவ வலியில் இருக்கும் பெண்ணுக்கு ஒரே தடவை 2 கிராம் அசித்ரோமைசின் கொடுத்தால் தாய்க்கு வரும் கடும் தொற்றோ இறப்போ மூன்றில் ஒரு பங்கு குறைவதைக் காட்டியது. ஏழு நாடுகளில் 29,278 பெண்கள். இந்தியாவில் பெலகாவியும் நாக்பூரும் அதில் அடக்கம். குழந்தைக்குப் பலன் தெரியவில்லை. எல்லாருக்கும் கொடுத்தால் மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகுமே என்ற கவலை நியாயமானது, அதுவும் அசித்ரோமைசினைச் சளிக்கெல்லாம் மருந்துக்கடையில் வாங்கி விழுங்கும் நம் ஊரில்.

ஆனால் நம் ஆய்வுலகம் தலைகுனிய வேண்டிய இடம் ஈ வகை மஞ்சள் காமாலை. டெல்லியில் 1955-56இல் யமுனை நீரில் சாக்கடை கலந்து சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. 1978இல் காஷ்மீரில் வந்த கொள்ளைநோயை முகமது சுல்தான் குரூ ஆராய்ந்து, இது ஏற்கெனவே தெரிந்த வகை அல்ல என்றார். சோவியத் விஞ்ஞானி மிகயில் பலயான் நோயாளிகளின் மலச்சாற்றைத் தானே குடித்து நோய் வரவழைத்து வைரஸைக் கண்டுபிடித்தது 1983இல். பிறருக்கு வந்து போகும் காமாலைதான் இது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் வந்தால் நாலைந்தில் ஒருத்தி இறக்கக்கூடும். ஏன் இந்த வெறி என்பது இன்னும் முழுதாகப் புரியவில்லை. சீனா ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவரிடம் சோதித்த தடுப்பூசிக்கு 2011இல் அனுமதி தந்தது. யாரை இந்நோய் அதிகம் கொல்கிறதோ அவர்களைச் சோதனையில் சேர்க்கவில்லை. ஆகவே கர்ப்பிணிக்குப் பரிந்துரைக்க ஆதாரம் போதவில்லை என்று ஆயிற்று. ஊசி பெட்டியிலேயே கிடந்தது. நோய்ப் பரவலின் நடுவே அது முதன்முதலில் பயன்பட்டது 2022இல், தெற்கு சூடானின் பென்டியுவில், உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தோர் முகாமில். அங்கே கர்ப்பிணிகளுக்கும் போட்டார்கள். இதற்கிடையே வங்கதேச ஆய்வு ஒன்றின் தரவை மறுபடி அலசியவர்கள், கருத்தரிப்பை ஒட்டிப் போட்டால் கருச்சிதைவு கூடுமோ என்ற கேள்வியை எழுப்பியிருக்கிறார்கள். அதைத் தீர்க்க வழி, கர்ப்பிணிகளைச் சேர்த்துத் திட்டமிட்டு நடத்தும் ஆய்வு ஒன்றுதான். அதை நடத்தத் தகுதியான நாடு, நோயும் மருத்துவரும் ஒருசேர நிறைந்த இந்தியா.

அடுத்த கொள்ளைநோய்க்குத் தடுப்பூசி செய்யும்போது, கருவுற்ற விலங்குகளிடம் செய்யும் சோதனையைத் தொடக்கத்திலேயே முடித்துவிட்டால் பெரிய பரிசோதனையில் கர்ப்பிணிகளைச் சேர்க்கத் தடை இருக்காது. எபோலாவில் காங்கோவின் கர்ப்பிணிகளுக்கு ஊசி கிடைக்க 2019 வரை ஆனது. ஒரே ஆண்டு கழித்துக் கொரோனாவிலும் அதே தவறு. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை வேண்டுகோளாக விடாமல் விதியாக எழுத வேண்டும். டிடி போடும் அதே செவிலியர் கையில் டிடாப்பையும் ஃப்ளூ ஊசியையும் கொடுக்க மாநில அரசு முன்வர வேண்டும். கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் ரூபெல்லா ஊசி போட்டிருக்கிறார்களா என்று இப்போதே பார்க்கலாம். போடவில்லையென்றால் போட்டுக்கொண்டு ஒரு மாதம் தள்ளிக் கருத்தரித்தால் போதும். ஏற்கெனவே கருவுற்றவர்கள் அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது கக்குவான், ஃப்ளூ ஊசிகளைப் பற்றி மருத்துவரிடம் நேராகக் கேட்கலாம். கக்குவானுக்குரிய காலம் 27 முதல் 36 வாரம்.